சோதித்துப் பார்க்காமல் சரக்கு வாங்குவோமா?

(இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கல்வி விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த மண்டபத்தில் அமர்ந்திருப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வியாபாரிகள். உங்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஜவுளிக்கடைக்காரர் பட்டு என்று சொல்லி வந்த துணியில் ஒரு நூலை உருவிப் பற்ற வைத்துப் பார்க்கிறார். நகைக்கடைக்காரர் உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறார். தோல் வியாபாரி ஒவ்வொரு தோலையும் விரித்துத் தடவிப் பார்த்துத்தான் தரம் பிரிக்கிறார். வாங்குவது சொந்தத் தம்பியிடமாக இருந்தாலும் தராசில் வைக்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. இது அவநம்பிக்கை அல்ல, தொழில் ஒழுக்கம்.

ஆனால் ஒரு செய்தி வருகிறது. மருத்துவத்தைப் பற்றி, விஞ்ஞானத்தைப் பற்றி, நம்முடைய வரலாற்றைப் பற்றி. அதை மட்டும் உரைக்காமல், நிறுக்காமல், பற்ற வைத்துப் பார்க்காமல் அப்படியே வாங்கிக் கொள்கிறோம். வாங்குவதோடு நிற்காமல் அடுத்த நிமிடமே பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். இது ஏன்? இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். முதலில் என்னுடைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சொன்ன கதை

பல ஆண்டுகளாக மேடைகளில் ஒரு சம்பவத்தைச் சொல்லி வந்தேன். உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள். பாக்தாத் நகரில் மருத்துவமனை கட்டுவதற்கு இடம் தேடினார்கள். மாபெரும் மருத்துவர் அபூபக்கர் அர்ராஸி, நகரின் பல பகுதிகளில் இறைச்சித் துண்டுகளைத் தொங்கவிடச் சொன்னார். எந்த இடத்தில் இறைச்சி மிகத் தாமதமாகக் கெட்டதோ அங்கேதான் காற்று சுத்தமாக இருக்கிறது என்று முடிவு செய்தார். அங்கேதான் புகழ்பெற்ற அளுதி மருத்துவமனை எழுந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டல் கிடைக்கும். எனக்கும் மகிழ்ச்சியாக இருக்கும்.

ஒரு கூட்டம் முடிந்த பிறகு ஒரு கல்லூரி மாணவர் என்னிடம் வந்தார். மிகவும் மரியாதையாக, "ஐயா, அர்ராஸி இறந்தது எந்த வருடம்?" என்று கேட்டார். கி.பி. 925 வாக்கில் என்றேன். "அந்த மருத்துவமனை கட்டப்பட்டது எந்த வருடம்?" என்று அடுத்துக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டினேன். மருத்துவமனை திறக்கப்பட்டது 982 வாக்கில். அதைக் கட்டிய மன்னர் அளுதுத் தவ்லா பிறந்ததே 936-இல்! அர்ராஸி மறைந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு பிறந்த மன்னருக்கு அவர் எப்படி இடம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியும்?

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று உண்டு. இந்தக் கதையைப் பதிவு செய்தவர் 13-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ. மருத்துவர்களின் வரலாற்றை எழுதியவர். அர்ராஸி அந்த மன்னருக்கு முற்பட்டவர் என்பதை அவரே அதே இடத்தில் குறித்து வைத்திருக்கிறார். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் அவர் நிறுத்துப் பார்த்ததை, நூலகமும் கணினியும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் நான் நிறுத்துப் பார்க்கவில்லை. கதை நம்மைப் புகழ்ந்தது. அதனால் தராசை எடுக்கவில்லை.

உண்மையான அர்ராஸி

சகோதரர்களே! இதனால் அர்ராஸியின் பெருமை குறைந்துவிடுமா? ஒருபோதும் குறையாது. பொய்க் கதையை விட உண்மை வரலாறே அவரை உயர்த்திக் காட்டுகிறது.

ஈரானின் ரய் நகரில் பிறந்து, ரய்யிலும் பாக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை வகித்தவர் அவர். பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள். இன்னின்ன அடையாளங்களால் இரண்டையும் பிரித்தறியலாம் என்று தனி நூலே எழுதினார். காய்ச்சலும் கொப்புளமும் கண்டால் எல்லாம் ஒன்றே என்று கருதப்பட்ட காலத்தில், படுக்கை அருகே அமர்ந்து பார்த்து எழுதிய நூல் அது.

இன்னொரு செய்தியைக் கவனியுங்கள். மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோய்க்கு இரத்தம் எடுத்தால் குணமாகும் என்று அக்காலத்து மருத்துவர்கள் நம்பினார்கள். அர்ராஸி ஒரு பகுதி நோயாளிகளுக்கு இரத்தம் எடுத்தார். வேறொரு பகுதியினருக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டார். இரண்டு பகுதியினரையும் ஒப்பிட்டுப் பார்த்தார். இது அவருடைய மருத்துவக் குறிப்புகளின் பெருந்தொகுப்பான 'அல்ஹாவீ'யில் உள்ளது. இரத்தம் எடுப்பதே நல்லது என்று அவர் எடுத்த முடிவை இன்றைய மருத்துவம் ஏற்பதில்லை. ஆனால் வழி சரியானது. இன்றைக்கு ஒரு புதிய மருந்து கடைக்கு வருவதற்கு முன், மருந்து பெற்றவர்கள் ஒரு பக்கம், பெறாதவர்கள் மறு பக்கம் என்று வைத்துத்தான் பரிசோதிக்கிறார்கள்.

கிரேக்க மருத்துவர் கேலன் அர்ராஸிக்கு ஆசானைப் போன்றவர். அந்தக் கேலனின் மீதே 'ஐயங்கள்' என்ற தலைப்பில் ஒரு நூல் எழுதினார். ஆசானை மதித்தார், ஆனால் ஆசான் சொன்னதையும் தராசில் வைத்தார்.

ஒளியும் நிலவும் இதயமும்

பௌதிகத்துக்கு வருவோம். 965-இல் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் டாலமியும் சொல்லியிருந்தார்கள். இவர் கேட்டார்: அப்படியானால் சூரியனை உற்றுப் பார்க்கும்போது கண் ஏன் வலிக்கிறது? வெளியிலிருந்து ஏதோ ஒன்று கண்ணுக்குள் வருகிறது என்றுதானே பொருள்?

கேள்வி கேட்டதோடு அவர் நிற்கவில்லை. இருட்டறையின் துவாரத்துக்கு வெளியே பல விளக்குகளைத் தனித்தனி இடங்களில் வைத்தார். அறைக்குள் சுவரில், விளக்கு எத்தனையோ அத்தனை ஒளிப்புள்ளிகள் விழுந்தன. ஒரு விளக்கை மறைத்தார். அதற்கு நேரான புள்ளி மட்டும் மறைந்தது. ஒளி நேர்கோட்டில் செல்கிறது, ஒரே துவாரத்தில் நுழைந்தாலும் ஒன்றோடொன்று கலந்து குழம்புவதில்லை என்று காட்டினார். இதற்கு எவ்வளவு செலவு? நாலு விளக்கு, ஒரு சுவர், ஒரு துவாரம். நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றிரவே செய்து பார்க்கலாம். அவருடைய ஒளியியல் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது.

இவரும் டாலமியின் மீது 'ஐயங்கள்' என்றே ஒரு நூல் எழுதினார். முன்னோர் நூலைப் படிப்பவன் அதை எல்லாப் பக்கமிருந்தும் கேள்வி கேட்க வேண்டும். தன்னுடைய தீர்ப்பையும் சேர்த்தே சந்தேகிக்க வேண்டும் என்பது அந்நூலின் முன்னுரையில் அவர் வலியுறுத்தும் கருத்து.

வானியலுக்கு வருவோம். டாலமியின் கணக்கு நிலவின் நகர்வை ஓரளவு சரியாகவே சொன்னது. ஆனால் அதன்படி பார்த்தால், நிலவு பூமிக்கு நெருங்கி வரும் சமயத்தில் ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாகத் தெரிய வேண்டும்! எந்த மொட்டைமாடியில் நின்று பார்த்தாலும் அப்படித் தெரிவதில்லையே! இந்தக் குறையைத் திருத்திக் கணக்கை அமைத்தவர்களில் ஒருவர் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இப்னுஷ் ஷாதிர். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? தமாஸ்கஸ் உமைய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரத்தைக் கணித்துச் சொல்லும் பணி. நிலவுக்கு அவர் அமைத்த அதே கணித அமைப்பு, கோப்பர்நிகஸ் 1543-இல் வெளியிட்ட நூலிலும் காணப்படுகிறது. அதே சமயம், சூரியனை நடுவில் வைத்தவர் கோப்பர்நிகஸ்தான். இப்னுஷ் ஷாதிர் அல்ல. அவரவருக்கு உரியதை அவரவருக்குக் கொடுப்பதுதான் நியாயமான தராசு.

கடைசியாக இதயம். இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் வழியாக இரத்தம் செல்கிறது என்று கேலன் எழுதினார். இப்னு சீனாவும் அதை ஏற்றுக்கொண்டார். 1242-இல், இப்னு சீனாவின் நூலுக்கே விளக்கவுரை எழுதிய இப்னுந் நஃபீஸ், அந்தச் சுவரில் துவாரமே இல்லை, இரத்தம் நுரையீரல் வழியாகச் சென்றே இடது பக்கம் வருகிறது என்று எழுதினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது.

ஆனால் அந்த உண்மை நம்மிடையே என்ன ஆயிற்று? பல நூற்றாண்டுகள் பேசுவாரின்றிக் கிடந்தது. 1924-இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் ஜெர்மனியில் ஆராய்ச்சி செய்தபோது, பெர்லின் நூலகத்துச் சுவடியிலிருந்து அதை வெளியே கொண்டு வந்தார். நம் வீட்டுப் பெட்டகத்தில் இருந்த பொன்னை உலகுக்கு எடுத்துக்காட்ட அவ்வளவு காலம் பிடித்தது.

இந்த நான்கு பேரிடமும் உள்ள பொதுவான குணம் என்ன? "எங்கள் முன்னோர் பெரியவர்கள்" என்று சொல்லிக்கொண்டு இவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பெரியவர்கள் சொன்னதையே சோதித்தார்கள். நாமோ இவர்கள் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, இவர்கள் பழக்கத்தைக் கைவிட்டு விட்டோம்.

புகழ் தந்த மயக்கம், அச்சம் தந்த மயக்கம்

நம்மைப் புகழும் பொய்யைச் சோதிக்காவிட்டால் என்ன நஷ்டம்? மேடையில் ஒருவர் வெட்கப்படுவார், அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் பழக்கம் ஒன்றுதான். புகழும் செய்தியைச் சோதிக்காதவன், பயமுறுத்தும் செய்தியையும் சோதிக்க மாட்டான். அங்கேதான் உயிரும் உறுப்பும் போகின்றன.

2002-இல் இந்தியாவில் 1,600 பேர் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சின்னஞ்சிறு குழந்தைகள். இந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். அங்கேயும், மக்கள்தொகையில் முஸ்லிம்களின் பங்கோடு ஒப்பிட்டால், பாதிக்கப்பட்ட முஸ்லிம் குழந்தைகளின் பங்கு மிக மிக அதிகம். சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும், இது நம் சந்ததியைக் குறைக்கச் செய்யும் சதி என்ற பேச்சு வீடு வீடாகப் பரவியிருந்தது. கதவைச் சாத்தினார்கள். குழந்தையை ஒளித்தார்கள். வைரஸ் கதவைத் தட்டிக்கொண்டா வரும்? அசுத்தமான தண்ணீரிலும் கழிவிலும் வந்தது.

அந்தப் பெற்றோர்களை அறியாதவர்கள் என்று பழிக்க நான் தயாரில்லை. அந்த அச்சத்துக்கு வேர் இருந்தது. அவசரநிலைக் காலத்தில் 1976-77 என்ற ஒரே ஆண்டில் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது, பலருக்குக் கட்டாயமாக. வட இந்தியாவின் ஏழைகள், அவர்களில் முஸ்லிம்கள், அதை மறக்கவில்லை. சாலை போடவும் சாக்கடை கட்டவும் வராத அரசாங்கம், மருந்தை மட்டும் தூக்கிக்கொண்டு மாதா மாதம் வீட்டு வாசலில் வந்து நின்றால் சந்தேகம் வராதா?

உலகின் மற்ற இடங்களிலும் இதே நிலை. 1996-இல் நைஜீரியாவின் கானோ நகரில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் 200 குழந்தைகளை வைத்து ஒரு புதிய மருந்தைப் பழைய மருந்தோடு ஒப்பிட்டுப் பரிசோதித்தது. இரு பிரிவிலும் சேர்த்து 11 குழந்தைகள் இறந்தனர். முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்று பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். இறப்புக்கு நோயே காரணம் என்றது நிறுவனம். தவறை ஒப்புக்கொள்ளாமலேயே 2009-இல் கானோ மாநில அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 2011-இல் பாகிஸ்தானின் அபோட்டாபாத்தில், உசாமா பின் லாதினைத் தேடுவதற்காக அமெரிக்க உளவுத்துறை ஒரு தடுப்பூசி முகாமையே போலி வேடமாகப் பயன்படுத்தியது. இனித் தடுப்பூசித் திட்டங்களை இப்படிப் பயன்படுத்த மாட்டோம் என்று 2014-இல் வெள்ளை மாளிகையே உறுதி சொல்ல வேண்டி வந்தது. இந்த அநியாயங்களைக் கண்டிக்க வேண்டும். அழுத்தமாகவே கண்டிக்க வேண்டும்.

ஆனால் கண்டித்த பிறகு என்ன செய்வது? அதுதான் கேள்வி. 2003-இல் கானோ உள்ளிட்ட வட நைஜீரிய மாநிலங்கள் போலியோ மருந்தை நிறுத்தின. கானோவில் ஏறத்தாழ ஓராண்டு தடை நீடித்தது. 2004-இல், முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தை ஏற்றுக்கொண்டு மீண்டும் தொடங்கினார்கள். அதற்குள் நைஜீரிய வைரஸ் எல்லை கடந்து ஏறத்தாழ 20 நாடுகளுக்குப் பரவத் தொடங்கியிருந்தது. 2005-இல் அது எங்கே போய்ச் சேர்ந்தது தெரியுமா? அதே இந்தோனேசியாவில்! பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த அந்த நாட்டில் 300-க்கும் மேற்பட்டவர்கள் முடமானார்கள். ஃபைசர் நிறுவனத்துக்கு அதனால் ஒரு காசு நஷ்டமில்லை. அமெரிக்க உளவுத்துறைக்கு ஒரு காயமும் இல்லை. கால் போனது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

சந்தேகத்தைச் சோதனையாக்கியவர்கள்

உத்தரப் பிரதேசத்துத் தாய்மார்களிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. "ஐந்து தடவை, ஆறு தடவை மருந்து கொடுத்தோம். ஆனாலும் பிள்ளைக்குப் போலியோ வந்ததே!" இது வதந்தி அல்ல. கண்ணால் கண்ட உண்மை. நம்முடைய வேலூரில் டாக்டர் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவினரும் 1970-களிலேயே இதைக் கண்டறிந்திருந்தார்கள். மேலை நாட்டுக் குழந்தைகளுக்குப் போதுமான மூன்று தவணை நம் நாட்டுக் குழந்தைகளுக்குப் போதவில்லை என்று பரிசோதனை மூலம் காட்டியிருந்தார்கள்.

2006-இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கணக்குப் போட்டது. மூன்று வகை வைரஸுக்கும் சேர்த்துத் தரப்பட்ட பழைய மருந்தின் ஒரு தவணை, முதல் வகைப் போலியோவிலிருந்து உத்தரப் பிரதேசத்தில் சுமார் 9 சதவீதப் பாதுகாப்பையே தந்தது. நாட்டின் மற்றப் பெரும்பகுதியில் 21 சதவீதம். ஏன்? நெருக்கடியான குடியிருப்பு, மோசமான சுகாதாரம், ஓயாத வயிற்றுப்போக்கு. வேறு கிருமிகள் நிறைந்த குடலில் மருந்து சரியாக வேலை செய்யவில்லை. தாய்மார்களின் சந்தேகத்துக்கு விடை கிடைத்தது: மருந்து விஷமல்ல, ஆனால் அந்தச் சூழலில் அதன் பலம் குறைவு. ஒரு வகையை மட்டும் குறிவைக்கும் மருந்து 2005-இல் வந்திருந்தது. இரு வகைகளுக்கான மருந்து 2010-இல் வந்தது. பலம் கூடியது.

இன்னொரு பக்கம், உலமாக்களும் பள்ளிவாசல் இமாம்களும் முன்வந்தார்கள். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா, ஜாமியா ஹம்தர்து ஆகியவை துணை நின்றன. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களே வீடு வீடாகச் சென்றார்கள். சாத்திய கதவுகள் திறந்தன. 2011 ஜனவரி 13-ஆம் தேதி மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் கண்ட குழந்தையே, இயற்கைப் போலியோ வைரஸால் இந்தியாவில் பாதிக்கப்பட்ட கடைசிக் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்காசிய வட்டாரம் போலியோ இல்லாததாகச் சான்றளிக்கப்பட்டது. 2024-இல் இயற்கைப் போலியோ வைரஸ் முடமாக்கியது பாகிஸ்தானையும் ஆப்கானிஸ்தானையும் சேர்ந்தவர்களை மட்டுமே. பாகிஸ்தானில் சொட்டு மருந்து கொடுக்கச் சென்ற ஊழியர்கள், பெண்கள் உட்பட, 2012 முதல் பலமுறை சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். கொன்றவர்களும் ஒரு பொய்யைச் சோதிக்காமல் வாங்கியவர்கள்தாம்.

நம் வீட்டு வாசலில்

இதெல்லாம் வடநாட்டுக் கதை, வெளிநாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தது. தட்டம்மை! அர்ராஸி தனியாகப் பிரித்துக் காட்டிய அதே நோய். வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. எல்லாச் சமுதாயத்துப் பெற்றோர்களும் பயந்தார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாதவர்கள் உண்டு. பிப்ரவரியோடு முடிய வேண்டிய முகாமை மார்ச்சிலும் நீட்டிக்க வேண்டியதாயிற்று.

அந்த நாட்களில் என் தங்கை தொலைபேசியில் கேட்டார். "காக்கா, பிள்ளைக்கு ஊசி போடலாமா? எல்லாரும் வேண்டாம் என்கிறார்களே!" மேடையில் அர்ராஸியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவன் நான். என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்றேன். சோதித்தும் பார்க்கவில்லை, ஒரு மருத்துவரிடம் கேட்கவும் இல்லை. என் தங்கைதான் தெருவிலிருந்த பெண் மருத்துவரிடம் நேரில் போய்க் கேட்டார். அந்த மருத்துவர் தன் சொந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டிருப்பதைச் சொல்லி, காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்றும் விளக்கினார். நீட்டிக்கப்பட்ட நாட்களில் பிள்ளைக்கு ஊசி போட்டார்கள். அந்தக் குடும்பத்தில் அர்ராஸியின் வழியில் நடந்தது நானல்ல, என் தங்கை.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். சோதிக்காத செய்தியின் கொடுமையை நம்மைவிட நன்றாக அறிந்தவர் யார்? 2020-இல் கொரோனா பரவியபோது, தப்லீக் ஜமாஅத்தைக் காட்டி ஒரு சமுதாயத்தையே நோய் பரப்புகிறவர்களாகச் சித்தரித்தார்கள். பழைய காட்சிகளையும் பொய்ச் செய்திகளையும் பரப்பினார்கள். காய்கறி வண்டிக்காரர்களைக்கூடத் தெருவுக்குள் விட மறுத்தார்கள். அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்தது. அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்ற கருத்தையும் பதிவு செய்தது. யாரோ ஒருவர் சோதிக்காமல் அனுப்பிய செய்தி நம் அடுப்பை அணைத்தது. அதே காரியத்தை நாமே மருந்து விஷயத்தில் செய்யலாமா?

செய்ய வேண்டியவை

இளைஞர்களே! மருத்துவத்தைப் பற்றி எந்தச் செய்தி வந்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதைக் கண்டவர் யார்? அவர் எதை எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்? அவரல்லாத வேறொருவர் சரிபார்த்தாரா? மூன்றுக்கும் விடை இல்லையென்றால் அந்தச் செய்தி உங்கள் கைபேசியோடு நிற்கட்டும். அது நம்மைப் புகழும் செய்தியாக இருந்தால் இரண்டு மடங்கு சோதியுங்கள். ஏனென்றால் அங்கேதான் நம் தராசு சாயும்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஒவ்வொரு தடுப்பூசி முகாமுக்கும் முன்பாக உள்ளூர் மருத்துவர் ஒருவரை அழைத்து வையுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேள்வி கேட்க நேரம் கொடுங்கள். "கேள்வி கேட்காதே, போட்டுக்கொள்" என்று அதட்டினால் அச்சம் போகாது. பதில் சொன்னால்தான் போகும். சாக்கடைக்கும் குடிநீருக்கும் மனுக் கொடுப்பதும் தடுப்பு மருந்தின் ஒரு பகுதிதான் என்பதை உத்தரப் பிரதேசம் நமக்குக் காட்டிவிட்டது.

வணிகப் பெருமக்களே! கெய்ரோவில் 1284-இல் கட்டப்பட்ட மன்சூரி மருத்துவமனை வக்ஃபு சொத்துகளின் வருமானத்தில்தான் நடந்தது. கடைத்தெரு வாடகை நோயாளிக்கு மருந்தாகவும் உணவாகவும் மாறியது. இப்னுந் நஃபீஸ் 1288-இல் மறையும்போது தம்முடைய வீட்டையும் நூலகத்தையும் அந்த மருத்துவமனைக்கே எழுதி வைத்தார். இன்று நாம் பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைக்கப் பணம் தருகிறோம். நல்ல காரியம். ஆனால் ஐந்தாண்டு, ஆறாண்டு ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஒரே கேள்வியைச் சோதிக்க விரும்பும் மாணவனுக்கு, மாணவிக்கு, யார் தருகிறோம்? "படிப்பு முடிந்து எப்போது சம்பாதிப்பாய்?" என்றல்லவா கேட்கிறோம்! ஒரு கடைத்தெருவின் வணிகர்கள் சேர்ந்து, பௌதிகமோ வானியலோ பொதுச் சுகாதாரமோ ஆராயும் ஒரே ஒரு பிள்ளையைப் பொறுப்பெடுத்துக் கொள்ளுங்கள். சரக்கு விற்ற மறுநாளே லாபம் எதிர்பார்க்கும் வியாபாரம் அல்ல இது. தென்னை வைப்பது போன்றது.

சகோதரர்களே! அந்தக் கல்லூரி மாணவருக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. அவர் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நூற்றுக்கணக்கானவர்கள் கைதட்டிய இடத்தில், "எந்த வருடம்?" என்று ஒருவர் கேட்டார். அர்ராஸியின் பெயரைச் சொன்னவன் நான். அவர் வேலையைச் செய்தவர் அந்த மாணவர். இங்கேயும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பார்கள். நான் இன்று சொன்ன ஆண்டுகளையும் எண்களையும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்க்க வேண்டும். தவறு இருந்தால் என்னிடம் வந்து சொல்ல வேண்டும். அடுத்த மேடையில் திருத்திச் சொல்வேன் என்று உங்கள் முன்னிலையில் வாக்களித்து அமர்கிறேன்.